வெறும் தண்ணீர்

"தண்ணி டெஸ்ட் பண்றவ நீதானே? இதுல ஒண்ணும் இல்லையே?"

அக்கா பால் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பீனால் இல்லைன்னு போன வாரம்தான் கையெழுத்துப் போட்டேன். போர்டுல ஒட்டியிருக்கு, போய்ப் படிச்சுக்கோ."

"போர்டு கிடக்கட்டும். நீ சொல்லு."

"நான்தான் அந்த போர்டு, அக்கா."

அவள் சிரித்துவிட்டாள். மடியிலிருந்த குழந்தை புட்டியின் ரப்பரை வாயில் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தது. பிறகு முகத்தைச் சுளித்துத் துப்பியது. உதட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புண். டிஸ்பென்சரியில் வாய்ப்புண் என்று சொல்லி ஊதா நிறத்தில் ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். தடவித் தடவி மருந்து தீர்ந்தது. புண் தீரவில்லை.

"பாலை மாத்திப் பாத்துட்டேன். புட்டியை மாத்திப் பாத்துட்டேன். இனி என்னத்த மாத்த?" என்றாள் அக்கா.

தண்ணீரை மாற்று என்று அப்போது சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கை கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

நாங்கள் இருந்தது பலகை ஒட்டும் பசை தயாரிக்கும் தொழிற்சாலையின் குடியிருப்பில். ஒரு சுவர்தான் இடையில். அந்தப் பக்கம் பசை கொதிக்கும் கெட்டில்கள், இந்தப் பக்கம் நாங்கள். அப்பா கெட்டில் ஆபரேட்டர். அம்மா இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள். அதன்பிறகு அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அத்தானுக்கு லாரி ஓட்டும் வேலை. மாதத்தில் பாதி நாள் ரோட்டில் கிடப்பார். அதனால் அக்காவும் குழந்தையும் எங்களோடுதான்.

அந்தப் பசைக்கு பீனால்தான் உயிர். ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. பேரல் பேரலாக வரும். கழுவிய பேரல் தண்ணீர் பின்பக்கக் குழிக்குப் போகும். குழிக்கு எதிரே, ஒரு மாமரம் நிற்கக்கூடிய தூரத்தில், ஆழ்துளைக் கிணறு. கெட்டிலுக்கும் லேபுக்கும் எங்கள் குழாய்க்கும் அந்த ஒரே கிணறுதான்.

குழாய்த் தண்ணீரிலும் மெலிதாக அந்த வாசனை வருவதாக வெளியாட்கள் சொல்வதுண்டு. குடியிருப்பில் யாரும் பயந்ததில்லை. "எங்க தண்ணி மருந்து போட்டது, தைரியமா குடிங்க" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். நம் மொழியில் காய்ச்சலைத் தணிப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்வதும் மருந்து. எந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை. சொல் ஒன்று கிடைத்துவிட்டது, அது போதுமாக இருந்தது.

எனக்கு முன்னால் இருந்த கெமிஸ்ட் மட்டும் வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவாராம். கை கழுவக்கூட யோசிப்பாராம். "நம்ம தண்ணி துரைக்கு ஆகாதாம்டி" என்று மாடி வீட்டு அத்தை அவரைப்போலவே மூக்கைச் சுருக்கிக் காட்டுவாள். குடியிருப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள். "நம்ம ஆபரேட்டர் பொண்ணு, நம்ம புள்ள" என்று மேனேஜர் என் தலையில் கை வைத்துச் சொன்னபோது அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. நான் தலையால் பாஸ் செய்தவள்தான், ஆனால் கை வைப்பதற்காக அதை வளர்க்கவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

பகுப்பாய்வு வேதியியல் லேபில் முதல் நாள், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை நான் "புரூட்" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது, பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று வருஷமும் ரீடிங்கைச் சமைத்தவர்கள். அதாவது, விடை எவ்வளவு வரவேண்டும் என்று சீனியரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கேற்றபடி எண்களைப் பின்னாலிருந்து எழுதிக்கொள்வார்கள். எனக்கு சீனியர் யாரையும் தெரியாது. அதனால் உண்மையாகவே செய்தேன். வேறு வழி இல்லாததால் வந்த நேர்மை அது.

பியூரெட்டை வெறும் தண்ணீரால் கழுவினால் போதாது, அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலசவேண்டும். ஊற்றியதும் புனலை எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் புனலின் கழுத்தில் தொங்கும் சொட்டு நடுவில் விழுந்து கணக்கைக் கெடுக்கும். அளந்து உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் நுனியில் மிஞ்சும் கடைசிச் சொட்டை ஊதக் கூடாது. அது அங்கேயே இருக்கவேண்டியது. அளவு பார்க்கும்போது கண் அளவுக் கோட்டுக்கு நேராக இருக்கவேண்டும். நான் குட்டை. ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்ப்பேன். அதற்கும் சிரித்தார்கள்.

நிறம் மாறும் நேரத்தில் ஒரு முழுச் சொட்டு அதிகம். பியூரெட்டின் திருகை மயிரளவு திறந்து, நுனியில் பாதிச் சொட்டு பிதுங்கும்போது நிறுத்தி, அதைக் குடுவையின் உள்சுவரில் தொட்டெடுத்து, தண்ணீர் பீய்ச்சி உள்ளே இறக்கவேண்டும். அது எனக்குக் கைவந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகும் நான் பாதிச் சொட்டோடு மல்லுக்கட்டுவேன். 'அரைச்சொட்டு' என்று பெயர் வைத்தார்கள். உயரத்துக்கும் சேர்த்து வைத்த பெயர். வைத்துக்கொள்ளட்டும். என் கை தப்பு செய்யாது என்று தெரிந்துகொண்டது அங்கேதான்.

அக்கா புட்டியைத் தூக்கிப் பிடித்துக் கேட்ட அன்று காலை குடியிருப்புத் தண்ணீரைச் சோதிக்கவேண்டியிருந்தது.

அந்தச் சோதனை எளிமையானது. தட்டில் அளந்து சோறு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தவர் எவ்வளவு தின்றார் என்று கண்டுபிடிப்பது போல. இங்கே சோறு புரோமின். தின்பவர் பீனால். குழாய்த் தண்ணீரில் அளந்த புரோமினை விடுவேன். பீனால் இருந்தால் அது தின்னும். மிஞ்சியதை அறிய அயோடைடும் ஸ்டார்ச்சும் போடுவேன். மிச்சம் இருந்தால் குடுவை கருநீலமாகும். பிறகு பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த நீலத்தைப் போக்குவேன். எவ்வளவு செலவானதோ அவ்வளவு மிச்சம்.

இதையே காய்ச்சி வடித்த தண்ணீரிலும் ஒருமுறை செய்யவேண்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். 'வெறும் தண்ணி' என்போம். யாருமே உட்காராத தட்டு அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பீனால். எனக்கு ஒருமுறைகூட வித்தியாசம் வந்ததே இல்லை. குழாய்த் தண்ணீரும் வெறும் தண்ணீரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவைக் காட்டும். "பீனால்: இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்பா போர்டுக்கு முன்னால் நின்று அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவார்.

அன்றும் அப்படியே வந்தது. ஆனால் "இனி என்னத்த மாத்த" என்று அக்கா கேட்டது காதுக்குள்ளேயே நின்றது. நான் பிளாங்க்கின் அளவைத் திரும்பப் பார்த்தேன். குறைவு. விட்ட புரோமினுக்குக் கணக்குப்படி வரவேண்டியதைவிட அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. புரோமினைத் தரும் புரோமேட் உப்பு பழசு, வீரியம் போய்விட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வந்திருந்தேன். வித்தியாசம்தானே முக்கியம், இரண்டிலும் ஒரே குறை இருந்தால் கழிந்துபோய்விடும் என்பது பாடம்.

அலமாரியில் அதே உப்பு, முத்திரை உடைக்காத புட்டி ஒன்று இருந்தது. திறந்தேன். தராசின் கதவை மூடி, மூச்சை அடக்கி நிறுத்து, புதுக் கரைசல் போட்டேன். மறுபடி பிளாங்க். அதே குறைவு. தயோசல்பேட்டைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. பியூரெட்டை மாற்றினேன். அதே குறைவு.

சோறு அளந்து வைத்தவள் நான். கை தப்பவில்லை. யாருமே உட்காராத தட்டில் சோறு குறைகிறது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூலையில் வடிகலம் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குழாயின் நுனியிலிருந்து சொட்டு, சொட்டு என்று வெறும் தண்ணீர் ஜாடிக்குள் விழும் சத்தம். அந்த வடிகலத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். உப்பைக் கொதிக்கவைத்தால் அது சட்டியிலேயே தங்கும். பீனால் தங்காது. நீராவியோடு கைகோத்துக்கொண்டு ஏறி, குளிர்ந்து, தண்ணீரோடு தண்ணீராக ஜாடியில் இறங்கும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஜாடியில் மூக்கை வைத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த வாசனைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மூக்குக்கு என்ன தெரியும்?

மேனேஜர் அறை வாசலில் கேன் தண்ணீர் இருக்கும். வெளியிலிருந்து வண்டியில் வருவது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது ஒரு குடுவை பிடித்துக்கொண்டு வந்தேன். அதில் பிளாங்க் போட்டேன். தயோசல்பேட் இறங்கிக்கொண்டே இருந்தது. வழக்கமாக நிற்கும் கோட்டைத் தாண்டியது. இன்னும் நீலம் போகவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தேன். கணக்குப்படி எங்கே நிற்கவேண்டுமோ, அங்கே, ஒரு அரைச்சொட்டில், நீலம் போனது.

அதை வைத்துக் குழாய்த் தண்ணீரைக் கணக்குப் பார்த்தேன். வந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. குழந்தையின் உதட்டுக்குள் இருந்த வெள்ளைப் புண்ணுக்கு அது போதும் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்று மாலையே கேன் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். "பாப்பாவுக்கு இதுல பால் கலக்கு. குழாய்த் தண்ணி வேண்டாம்."

"ஏன்டி? காலையில நீதானே போர்டுன்னு பீத்திக்கிட்ட?"

"போர்டு தப்பு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எத்தனை நாளைக்குச் சொம்புல திருடிட்டு வருவ?"

மறுநாள் மேனேஜரிடம் போனேன்.

அவர் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கத்தவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து மேசையில் என் பக்கமாக நகர்த்தினார். "குடிம்மா. மூச்சு வாங்குது பாரு."

நான் தொடவில்லை.

"பிளாங்க் எதுல போட்ட?"

"இந்தக் கேன் தண்ணியில, சார்."

"அது முறையா? லேபுல வடிச்ச தண்ணியிலதான் போடணும்னு இருக்கு. நீ காலேஜ்ல படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா?"

"சார், வடிச்ச தண்ணியிலயே பீனால் இருக்கு. அதனாலதான் வித்தியாசம் வராம..."

"முறைப்படி போட்டா என்ன வருது?"

நான் மேசையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. முறைப்படி போட்டா?"

"ஜீரோ."

"அவ்வளவுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னாடி இருந்தவரும் ஒருநாள் இதே மாதிரி வந்து நின்னார். புத்திசாலி. புரிஞ்சுக்கிட்டார்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "உங்க அப்பா நல்ல மனுஷன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த வீடு அவருக்குத்தான்னு நான் சொல்லியிருக்கேன். பாப்பா எப்படி இருக்கா?" என்றார்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத் தெரியும். வாசலில் கேன் வைத்த நாளிலிருந்தே தெரியும். வீட்டிலிருந்து பாட்டிலைச் சுமந்து வந்த மனிதருக்கும் தெரியும். தெரியாதவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது எனக்குள் கொதித்தது கெட்டிலில்கூடக் கொதிக்காது. பேச்சு வேண்டாம், காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். கண்ணால் பார்த்தால் யார் மறுக்க முடியும்? அதுதான் என் தப்பு. லேபில் மூன்று வருஷம் கிடந்தவள் மட்டும் செய்யக்கூடிய தப்பு.

விடுமுறை நாள் காலை. குழாயடியில் குடங்களும் பக்கெட்டுகளும் வரிசையாக நின்றன. ஒரு மர ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு அதன்மேல் வெள்ளை டைல் ஒன்றை வைத்தேன். நிறம் துல்லியமாகத் தெரிய லேபில் அப்படித்தான் வைப்போம். அதன்மேல் இரண்டு குடுவைகள். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் அவர்கள் கண் முன்னாலேயே குழாயில் பிடித்தது. இரண்டிலும் கொஞ்சமாக, குழாய்த் தண்ணீரில் உள்ள பீனால் முழுதாகத் தின்று தீர்க்கக்கூடிய அளவுக்கு மட்டும், புரோமின் விட்டேன். மூடி வைத்துக் காத்திருந்தேன்.

"என்னடி, வித்தை காட்டப்போறியா? தட்டு ஏந்தணுமா நாங்க?" என்றாள் மாடி வீட்டு அத்தை.

"பாருங்க அத்தை. ரெண்டுலயும் ஒரே மருந்துதான் விடுறேன். கண்ணை எடுக்காதீங்க."

மருந்து என்ற சொல்லை நானே சொன்னேன்.

அயோடைடு போட்டேன். ஸ்டார்ச் விட்டேன்.

கேன் தண்ணீர் நொடியில் கறுத்தது. கருநீலம். இரவைக் கரைத்து ஊற்றியது போல. குழாய்த் தண்ணீர் அசையவில்லை. கண்ணாடி மாதிரி, தெளிவாக, பளிச்சென்று இருந்தது. மிச்சம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பீனால் தின்றுவிட்டது. இவ்வளவு அழகான சோதனையை நான் கல்லூரியில்கூடச் செய்ததில்லை. வெற்றியோடு நிமிர்ந்தேன்.

"ஐயையோ" என்று ஒருத்தி பின்னால் நகர்ந்தாள். அவள் பார்த்தது கறுத்த குடுவையை.

"எது, இதுவா கேன் தண்ணி? மேனேஜர் குடிக்கிறதா?"

"ஆமா, ஆனா..."

"அடப்பாவமே! அந்த மனுஷன் இதையா குடிக்கிறாரு?"

"இல்லைங்க, கறுத்ததுதான் நல்ல தண்ணி! கறுக்காம இருக்குதே, அதுலதான் விஷம்!" என்றேன்.

அத்தை என் தோளைத் தட்டினாள். "அப்ப இனிமே இங்க்கை வாங்கிக் குடிக்கச் சொல்றியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கத்தினேன். புரோமின் என்றேன், மிச்சம் என்றேன், தட்டு, சோறு என்றெல்லாம் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. அவர்கள் கண் அவர்களுக்குச் சொல்லிவிட்டது. கறுப்பு கெட்டது, தெளிவு நல்லது. நீலத்தைப் பார்த்தால் நிம்மதி அடைய எனக்கு மூன்று வருஷம் ஆனது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

மேனேஜர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். குனிந்து இரண்டு குடுவைகளையும் நிதானமாகப் பார்த்தார்.

"எதும்மா நம்ம தண்ணி?"

அத்தை விரலை நீட்டினாள். "அந்த வெள்ளையா இருக்குல்ல, அது."

"ம்" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. குடம் நிறைந்தது.

வீட்டுக்குள் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். சொம்பு காலி. பால் புட்டியில் பால் கலந்திருந்தது. எந்தத் தண்ணீர் என்று கேட்கவேண்டியதில்லை.

"ஜன்னல் வழியா பாத்தேன். கறுத்துப்போச்சுல்ல நீ கொண்டுவந்த தண்ணி" என்றாள்.

"அக்கா, நீயுமா?"

"கத்தாத. பாப்பா இப்பதான் கண்ணசந்தா." அவள் குரல் அடங்கியிருந்தது. "கறுக்குறது நல்லதுன்னியே. எப்பவும் அப்படித்தானா?"

"எதைக் கேக்குற?"

அவள் எழுந்துபோய்க் குளியலறை மூலையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து வந்தாள். குழந்தைக்கு இடுப்பில் கட்டுவது. துவைக்காமல் வைத்திருந்தாள். நடுவில் பெரிய கறை. ஓரங்களில் பச்சையோடிய கறுப்பு.

"நனைஞ்சப்ப எடுத்தா ஒண்ணும் தெரியல. அப்படியே கிடந்தா, காயக் காயக் கறுக்குது. நான் சோப்புன்னு நினைச்சேன். சோப்பை மாத்தினேன். அப்புறம் என் பால்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு, அதை நிறுத்திட்டு முழுசாப் புட்டிக்கு மாத்தினேன்." அவள் துணியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள். "யார்கிட்ட சொல்றது? என்ன ஒடம்புடி உன்னுதுன்னு கேப்பாங்கன்னு..."

நான் துணியைக் கையில் வாங்கினேன். உடம்புக்குள் போன பீனால் சிறுநீரில் வெளியேறும். காற்றுப் பட்டதும் கறுக்கும். இதற்கு பியூரெட் தேவையில்லை, ஸ்டூல் தேவையில்லை, கையெழுத்துத் தேவையில்லை. குழந்தை தன் சோதனையைத் தானே செய்து, தினமும் எங்கள் முன்னால் விரித்துப் போட்டிருக்கிறது. அதைத் துவைத்துத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறோம்.

"இது நல்ல கறுப்பா, கெட்ட கறுப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"கெட்டது."

அவள் புட்டியைத் திறந்து பாலைச் சாக்கடையில் ஊற்றினாள்.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். மேனேஜர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. நின்றபடியே, "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. அவரு பெருந்தன்மையா இருக்காரு. லேப் சாவியை மட்டும் கொடுத்திடச் சொன்னாரு" என்றார்.

"அப்பா, இந்தத் துணியைப் பாருங்க."

பார்த்தார். பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சூடு. சின்னக் குழந்தைக்குச் சூடு பிடிச்சா இப்படித்தான்."

"சூட்டுக்குத் துணி கறுக்காதுப்பா."

"எனக்கே பாடம் எடுக்குறியா? இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நீ படிச்ச. உங்க அம்மாவும் இதைத்தான்..."

அங்கே நிறுத்தினார். அம்மாவின் பெயர் அந்த வீட்டில் எப்போது வந்தாலும் பேச்சு நின்றுவிடும். ஆனால் அன்று நின்றது வேறு மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஒரே விஷயத்தை நினைத்தோம் என்று நினைக்கிறேன்.

அப்பா டம்ளரை எடுத்தார். குழாயைத் திறந்து விளிம்புவரை பிடித்தார். எங்களைப் பார்த்துக்கொண்டே, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? என்ன ஆச்சு எனக்கு?"

அவர் கை நடுங்கியது. கெட்டில் முன்னால் நின்று நின்று வந்த நடுக்கம் என்றுதான் எப்போதும் சொல்வார். அவர் மறுபடியும் டம்ளரைக் குழாய்க்கு நேராக நீட்டினார். இன்னொன்றையும் குடித்தால் நாங்கள் நம்பிவிடுவோம் என்பது மாதிரி.

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். நான் லேபிலிருந்து கொண்டுவந்திருந்த பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியை எடுத்தேன். சமையலறைக் குழாயிலேயே இரண்டு முறை அலசி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் வழிய வழியப் பிடித்து, மூடியைத் திருகினேன். கல்லூரி லேபில் இன்னொரு கை இதைச் சோதிக்கட்டும். பழந்துணியை அக்கா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் உன் காலேஜ்" என்றாள்.

"வெளியே போனா இந்த வீடு இருக்காது" என்றார் அப்பா பின்னாலிருந்து. மிரட்டலா, கெஞ்சலா என்று தெரியவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

குழாயடியில் அத்தை இன்னும் இருந்தாள். ஸ்டூலில் இரண்டு குடுவைகளும் நான் வைத்தபடியே இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று தெளிவு.

"எங்கடி கிளம்பிட்டீங்க அக்காளும் தங்கச்சியும்? இங்க் வாங்கவா?"

வரிசையில் சிரிப்பு. அக்கா நின்றாள். திரும்பி, கையிலிருந்த துணியை விரித்துப் பிடித்தாள்.

அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. துணியையே பார்த்தாள். அருகில் வந்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி, என் முழங்கையைப் பிடித்து இழுத்து, அந்தப் பெரிய வாய்க்காரி முதல்முறையாகக் குசுகுசுத்தாள்.

"இந்த நிறமா? காயக் காயவா?"

"ஆமா அத்தை."

"எங்க வீட்டுக்காரர் ஒண்ணுக்குப் போற இடம், பாத்ரூம் தரையெல்லாம்... நான் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குறேன், போகவே மாட்டேங்குது."

அவள் பிடி இறுகியது. பின்னால் அவள் வைத்த பக்கெட் நிறைந்து, விளிம்பில் வழிந்து, தரையெல்லாம் தண்ணீர் பரவி எங்கள் செருப்பைத் தொட்டது. வரிசையில் நின்றவர்கள் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயை நிறுத்த யாரும் கை நீட்டவில்லை.